சந்தைக் கணக்கும் பள்ளிக் கணக்கும்: கணிப்பொறி இணைக்குமா?

கொல்கத்தா மாநகரின் வடகிழக்கில், ராஜார்ஹாட் பகுதியின் வயல்களும் நீர்நிலைகளும் பரந்து கிடந்த நிலத்தில் எழுந்த திட்டமிட்ட நகரம் நியூ டவுன். இந்நகரை அமைக்கும் பொறுப்பு 1999ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மேற்கு வங்க வீட்டுவசதி உள்கட்டமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ‘ஹிட்கோ’ என்ற சுருக்கப் பெயரால் அக்கழகம் அறியப்படுகிறது. இன்று அங்கே அகன்ற சாலைகளும், பல்கலைக்கழக வளாகங்களும், கணிப்பொறி மென்பொருள் நிறுவனங்களின் உயர்ந்த கட்டடங்களும் காணப்படுகின்றன. உலகின் பல நாடுகளுக்குத் தேவையான மென்பொருளை எழுதித்தரும் ஆற்றல் இந்நகரில் குவிந்துள்ளது.

இந்த ஆற்றலின் ஒரு சிறு பகுதியேனும் அருகிலுள்ள பள்ளிகளில் பயிலும் ஏழைக் குழந்தைகளுக்குக் கணக்குக் கற்பிக்கப் பயன்படுமா என்பது இயல்பாக எழும் வினாவாகும். இவ்வினா நியூ டவுனுக்கு மட்டும் உரியதன்று. கிராமப்புறக் குழந்தைகளின் கல்வி நிலையை ஆராயும் ‘அசர்’ அறிக்கை, 2024ஆம் ஆண்டில் ஐந்தாம் வகுப்பு மாணவருள் 30.7 விழுக்காட்டினரே எளிய வகுத்தல் கணக்கைச் செய்ய வல்லவராக இருந்தனர் எனத் தெரிவிக்கிறது. மூன்றாம் வகுப்பில் கழித்தல் கணக்கைச் செய்தோர் 33.7 விழுக்காட்டினர். 2022ஆம் ஆண்டின் நிலையைவிட இவை மேலானவையே. எனினும், தொடக்கப்பள்ளிப் படிப்பை முடிக்கும் குழந்தைகளுள் பத்துக்கு ஏழு பேர் வகுத்தல் அறியாமல் அடுத்த நிலைக்குச் செல்கின்றனர் என்பதே இவ்வெண்களின் பொருள்.

சந்தையில் கண்ட உண்மை

கணக்கு வராத குழந்தை என்று பள்ளி முடிவு செய்த பிள்ளைக்கு உண்மையிலேயே கணக்கு வராதா? இதற்கு வியப்பூட்டும் விடை கொல்கத்தாச் சந்தைகளிலிருந்தே கிடைத்துள்ளது. கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பயின்றவரும், 2019ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவருமான அபிஜித் பானர்ஜி, அவருடன் அப்பரிசைப் பெற்ற எஸ்தர் டஃப்லோ, உளவியல் அறிஞர் எலிசபெத் ஸ்பெல்கே ஆகியோரும் பிறரும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று. கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தைகளில் பொருள் விற்கும் 1,436 குழந்தைகளை அவர்கள் ஆராய்ந்தனர்.

சந்தையில் எழும் கணக்கின் தன்மையைக் காண்போம். கிலோ 20 ரூபாய் விலையில் 800 கிராம் உருளைக்கிழங்கும், கிலோ 15 ரூபாய் விலையில் 1.4 கிலோ வெங்காயமும் வாங்கிக்கொண்டு ஒருவர் 200 ரூபாய்த் தாளை நீட்டுகிறார் எனக் கொள்வோம். கிழங்கின் விலை 16 ரூபாய். வெங்காயத்தின் விலை 21 ரூபாய். ஆக 37 ரூபாய். மீதி தரவேண்டியது 163 ரூபாய். தாளும் எழுதுகோலும் இன்றி, வாடிக்கையாளர் காத்து நிற்கையில், இதனை மனத்தாலேயே செய்தாக வேண்டும். 200 கிராமின் விலை 4 ரூபாய் என்பதை 20 ரூபாயிலிருந்து தள்ளினால் 16 ரூபாய் கிடைக்கும். 37க்கு மேல் 3 சேர்த்தால் 40, அதன்மேல் 60 சேர்த்தால் 100, இன்னொரு 100 சேர்த்தால் 200 என மீதியை ஏறுவரிசையில் எண்ணிக் கொடுத்துவிடலாம். பெருக்கல், கழித்தல், பின்னம், தோராய மதிப்பீடு ஆகிய யாவும் இச்சிறு வணிகத்தில் அடங்கியுள்ளன.

ஆய்வுக்கு உட்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ எல்லோருமே இத்தகைய கணக்குகளைத் திறம்படச் செய்தனர். ஆனால், இவற்றுக்கு இணையான அல்லது இவற்றைவிட எளிய கணக்குகளைப் பள்ளிப் பாடநூலின் பாணியில், வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது அவர்களால் செய்ய இயலவில்லை. மாறாக, அருகிலுள்ள பள்ளிகளில் பயின்று, விற்பனை அனுபவம் இல்லாத 471 மாணவர், எண்களாக எழுதிய எளிய கணக்குகளை அவர்களைவிடச் சரியாகச் செய்தனர். ஆயினும், சந்தைக் குழந்தைகளுள் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் விடைகண்ட ஒரு நடைமுறைக் கணக்கைப் பள்ளி மாணவருள் ஒரு விழுக்காட்டினரே சரியாகச் செய்தனர். ஒரு சாராரின் அறிவு மற்றொரு சாராருக்கு எட்டவில்லை. இரண்டும் ஒரே நகரத்தில், ஒரே வயதுக் குழந்தைகளிடம் தனித்தனியே கிடக்கின்றன.

இதன் விளைவு கல்வித்துறையோடு நின்றுவிடுவதில்லை. மனக்கணக்கில் வல்ல ஒரு சிறுமி தேர்வில் தோல்வியுறும்போது, தனக்குப் படிப்பு வராது என்ற முடிவுக்கு அவளும் அவள் பெற்றோரும் வருகின்றனர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. 2016ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, 14 வயதுக்குட்பட்டோர் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலுக்கு உதவுவதை அனுமதிக்கிறது. சட்டம் குழந்தையை வகுப்பறைக்குக் கொண்டுவந்து சேர்க்கலாம். அங்கே தன் திறமைக்கு இடமில்லை என அக்குழந்தை உணர்ந்தால் அதனை நெடுநாள் நிறுத்திவைக்கச் சட்டத்தால் இயலாது.

கணிப்பொறி பள்ளிக்கு வந்த வழி

கணிப்பொறியைக் கொண்டு பாடம் கற்பிக்கும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் 1960ஆம் ஆண்டில் ‘பிளேட்டோ’ என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. 1967ஆம் ஆண்டில் சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய துணைவர்களும் ‘லோகோ’ என்னும் கணிப்பொறி மொழியைக் குழந்தைகளுக்கென உருவாக்கினர். திரையில் ஓர் ஆமையை நகர்த்திக் கோணங்களையும் வடிவங்களையும் குழந்தைகள் தாமே கண்டறியலாயினர். இந்தியாவில் 1984-85ஆம் ஆண்டில் 250 பள்ளிகளில், பிரிட்டனின் பி.பி.சி. நுண்கணிப்பொறிகளைக் கொண்டு ‘கிளாஸ்’ எனப்பட்ட கணிப்பொறி அறிமுகத் திட்டம் முன்னோடியாகத் தொடங்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு டிசம்பரில் பள்ளிகளுக்கான தகவல் தொடர்புத் தொழில்நுட்பத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2018ஆம் ஆண்டில் அது ‘சமக்ர சிக்‌ஷா’ என்ற ஒருங்கிணைந்த திட்டத்தின் பகுதியாயிற்று. 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ‘தீக்‌ஷா’ என்ற மின்னணுப் பாடத்தளம் தொடங்கப்பெற்றது.

இத்தனை ஆண்டு முயற்சியின் பின்னரும், 2023-24ஆம் ஆண்டின் அரசுப் புள்ளிவிவரப்படி நாட்டுப் பள்ளிகளுள் 57.2 விழுக்காட்டில்தான் கணிப்பொறி இருந்தது. இணைய வசதி 53.9 விழுக்காட்டுப் பள்ளிகளில் இருந்தது. கருவி இருப்பதும் கற்பித்தல் நிகழ்வதும் ஒன்றல்ல. பெரு நாட்டில் ‘குழந்தைக்கொரு மடிக்கணிப்பொறி’ என்ற திட்டத்தின்கீழ் கருவிகள் வழங்கப்பட்ட கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்தபோது, கணக்கிலோ மொழியிலோ குழந்தைகளின் தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. கருவியைக் கொடுத்துவிட்டு அதில் என்ன கற்பிப்பது என்பதை வகுக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

மென்பொருள் எவ்வாறு கற்பிக்கிறது?

நல்ல கணக்கு மென்பொருள் மூன்று செயல்களைச் செய்கிறது. முதலாவது, குழந்தை எந்த நிலையில் நிற்கிறது என்பதை அது கண்டறிகிறது. இரண்டாவது, அந்த நிலைக்கு ஏற்ற கணக்கைத் தருகிறது. மூன்றாவது, தவறு நேர்ந்த உடனேயே அதனைச் சுட்டித் திருத்த உதவுகிறது. நாற்பது மாணவர் அமர்ந்துள்ள வகுப்பில் ஆசிரியர் ஒருவர் இம்மூன்றையும் ஒவ்வொருவருக்கும் செய்வது அரிது.

ஓர் எளிய எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். 52இலிருந்து 37ஐக் கழிக்குமாறு கேட்டபோது ஒரு குழந்தை 25 என விடை தருகிறது. சரியான விடை 15. இத்தவறு இரு வழிகளில் நேரலாம். ஒன்றின் இடத்தில் உள்ள 2இலிருந்து 7ஐக் கழிக்க இயலாததால், சிறிய எண்ணைப் பெரிய எண்ணிலிருந்து கழித்து 5 என்று எழுதியிருக்கலாம். அல்லது பத்தின் இடத்திலிருந்து கடன் வாங்கி 12இலிருந்து 7ஐக் கழித்துவிட்டு, கடன் கொடுத்த 5 என்பதை 4 ஆகக் குறைக்க மறந்திருக்கலாம். இரு வழியிலும் விடை 25 ஆகவே அமைகிறது. ஆகவே, இந்த ஒரு கணக்கைக் கொண்டு குழந்தையின் மனத்தில் உள்ள குழப்பத்தை அறிய முடியாது.

நன்கு வடிவமைத்த மென்பொருள் அடுத்து 83இலிருந்து 47ஐக் கழிக்குமாறு கேட்கும். விடை 44 என வந்தால் குழந்தை சிறியதைப் பெரியதிலிருந்து கழிக்கிறது. 46 என வந்தால் கடன் வாங்குவதை அறிந்தும் குறைப்பதை மறக்கிறது. 36 என வந்தால் முன்னது கைப்பிழையாக இருந்திருக்கலாம். முதல் குழந்தைக்குப் பத்துக்கட்டுகளையும் தனிக் குச்சிகளையும் திரையில் காட்டி இடமதிப்பைத் தொடக்கத்திலிருந்து கற்பிக்க வேண்டும். இரண்டாவது குழந்தைக்குச் சிறு நினைவூட்டலே போதும். இவ்வாறு தவறின் காரணத்தைப் பிரித்தறிவதில்தான் மென்பொருளின் பயன் அடங்கியுள்ளது. வண்ணப் படங்களும் இசையும் குழந்தையை அமரவைக்கும் துணைக் கருவிகளே.

ஆய்வுகள் கூறுவன

குஜராத் மாநிலம் வதோதராவில் நகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்கு 2000ஆம் ஆண்டில் பள்ளிக்கு நான்காகக் கணிப்பொறிகள் வழங்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை பயன்படுத்தப்படாமலே இருந்தன. ‘பிரதம்’ என்ற தொண்டு நிறுவனம் அவற்றைக் கொண்டு நான்காம் வகுப்பு மாணவருக்குக் கணக்கு விளையாட்டுகள் வழியே கற்பிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. வாரத்திற்கு இரண்டு மணி நேரம், கணிப்பொறி ஒன்றுக்கு இருவராக மாணவர் அமர்ந்தனர். 2007ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி இம்மாணவரின் கணக்கு மதிப்பெண் 0.47 திட்ட விலக்கம் உயர்ந்தது. வகுப்பில் நடுநிலையில் இருந்த ஒரு மாணவர், இத்திட்டம் இல்லாத பள்ளிகளின் மாணவர் நூறு பேரில் ஏறத்தாழ 68 பேரை முந்தும் நிலையை அடைந்தார் என இதனைப் பொருள் கொள்ளலாம். ஆனால், திட்டம் முடிந்து ஓராண்டு கழிந்தபின் இந்த உயர்வின் பெரும்பகுதி மறைந்து, ஏறத்தாழ 0.10 திட்ட விலக்கம் மட்டுமே எஞ்சியது. தொடர்ச்சி இன்றேல் பயன் நிலைக்காது என்ற பாடத்தை வதோதரா கற்பித்தது.

அதே மாநிலத்தில் ‘ஞானசாலா’ என்ற அமைப்பின் பள்ளிகளில் நடந்த மற்றோர் ஆய்வு அதிகாரிகளின் கவனத்திற்கு உரியது. வகுப்பு நேரத்தை எடுத்துக்கொண்டு, ஆசிரியரின் பாடத்திற்கு மாற்றாக மென்பொருளைப் பயன்படுத்தியபோது மாணவரின் தேர்ச்சி குறைந்தது. அதன் அளவு 0.57 திட்ட விலக்கம். பள்ளி நேரத்திற்கு வெளியே, ஆசிரியரின் பாடத்திற்குத் துணையாகப் பயன்படுத்தியபோதோ 0.28 திட்ட விலக்கம் உயர்ந்தது. மென்பொருள் ஒன்றே, மாணவரும் ஒத்த பின்னணியினரே. எதன் இடத்தில் அது வைக்கப்பட்டது என்பதே பயனை முடிவு செய்தது.

தில்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற மென்பொருளைக் கொண்டு மாலை நேர மையங்களில் நடந்த ஆய்வு 2019ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பயின்ற 619 மாணவர் இதில் இடம்பெற்றனர். மையத்தில் பயில்வோர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். நாளொன்றுக்கு 45 நிமிடம் மென்பொருளிலும், 45 நிமிடம் சிறு குழுவில் உதவியாளரிடமும் அவர்கள் பயின்றனர். நான்கரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்கம் உயர்வு காணப்பட்டது. ஆறாம் வகுப்பு மாணவர் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்ததும் இவ்வாய்வில் தெரியவந்தது. ஆறாம் வகுப்பில் அமர்ந்துள்ள பிள்ளைக்கு மூன்றாம், நான்காம் வகுப்புக் கணக்கை அவமானமின்றிக் கற்றுத்தர மென்பொருளால் முடிந்தது. ஆயினும், அவர்கள் பள்ளியில் எழுதிய வகுப்புநிலைக் கணக்குத் தேர்வில் இம்முன்னேற்றம் தெளிவாகப் புலப்படவில்லை. நான்காம் வகுப்புக் கணக்கைக் கற்றுத் தேறிய பிள்ளையை ஏழாம் வகுப்பு வினாத்தாளைக் கொண்டு அளந்தால் அதன் வளர்ச்சி எப்படித் தெரியும்? தேர்வு முறையும் மாறினால்தான் இத்தகைய முயற்சியின் பலனை நிர்வாகம் காண முடியும்.

வாழ்க்கைத் திறன்கள்

உலக சுகாதார நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் பத்து வாழ்க்கைத் திறன்களை வரையறுத்தது. முடிவெடுத்தல், சிக்கலுக்குத் தீர்வு காணல், ஆக்கச் சிந்தனை, ஆய்வுச் சிந்தனை, கருத்துப் பரிமாற்றம், பிறருடன் பழகுதல், தன்னை அறிதல், பிறர் துயர் உணர்தல், உணர்ச்சிகளை ஆளுதல், மன அழுத்தத்தைத் தாங்குதல் என்பன அவை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் இவற்றுக்கு இடமளித்துள்ளது. இவற்றைக் கணக்கிலிருந்து பிரித்துத் தனிப் பாடமாக வைப்பதே பொதுவான வழக்கம். ஆனால், கொல்கத்தாச் சந்தைக் குழந்தை காட்டுவது வேறு. விலை பேசுதல், வாடிக்கையாளரின் முகமறிதல், இழப்பின்றிக் கொடுக்கத்தக்க தள்ளுபடியை உடனே முடிவு செய்தல் ஆகியவற்றில் கணக்கும் வாழ்க்கைத் திறனும் பிரிக்க இயலாதபடி கலந்துள்ளன.

மேற்கு வங்கத்திலேயே இதற்கான பாடப்பொருள் நிரம்ப உண்டு. 2013ஆம் ஆண்டில் தொடங்கிய ‘கன்யாஸ்ரீ’ திட்டத்தின்கீழ், 18 வயது வரை மணம் புரியாமல் கல்வியைத் தொடரும் பெண்ணுக்கு 25,000 ரூபாய் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. 2017ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பொதுச்சேவை விருதைப் பெற்ற திட்டம் இது. அத்தொகையை என்ன செய்வது என்பது அப்பெண்ணின் வாழ்வில் முதல் பெரிய நிதி முடிவாகும். அதே 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் சாரதா நிதிக் குழுமம் சரிந்து, சிறுசேமிப்பாளர் பல லட்சம் பேர் பணத்தை இழந்தனர். பெருவட்டி தருவதாகக் கூறும் வாக்குறுதியை எண்களால் சோதித்துப் பார்க்கக் கற்பது, பாடநூலில் உள்ள தனிவட்டிச் சூத்திரத்தின் உண்மையான பயனாகும்.

நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டியில் ஒருவர் 10,000 ரூபாய் கடன் வாங்கினால் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வட்டி கட்ட வேண்டும். ஆண்டுக்கு நூற்றுக்கு 10 ரூபாய் வட்டியில் வாங்கினால் 1,000 ரூபாய் போதும். ‘5’ என்பது ‘10’ஐவிடச் சிறிய எண்ணே, ஆனால் மாதமும் ஆண்டும் மாறும்போது அது ஆறு மடங்கு பெரிய சுமையாகிறது. மென்பொருள் இதனை ஒரு கதையாக அமைத்து, குழந்தையை முடிவெடுக்கச் செய்து, ஓராண்டுக்குப் பின் அக்குடும்பத்தின் கையில் எஞ்சுவதைத் திரையில் காட்ட முடியும். மெய்யான பணத்தை இழக்காமலே தவறு செய்து கற்கும் வாய்ப்பு இது.

மின்னணு வழிப் பணப் பரிமாற்றத்தின் பாதுகாப்பும் இவ்வகைத் திறனே. மேற்கு வங்கத்தில் 2021ஆம் ஆண்டு முதல் மேல்நிலை வகுப்பு மாணவருக்குக் கையடக்கக் கணிப்பொறி வாங்க 10,000 ரூபாய் வழங்கப்பட்டுவந்த திட்டத்தில், 2024ஆம் ஆண்டில் பல மாணவருக்குரிய தொகை வேறு கணக்குகளுக்குத் திருப்பப்பட்டது வெளியாயிற்று. கணக்கு எண்ணைச் சரிபார்ப்பதும், வங்கியின் செய்தியைப் படித்தறிவதும், தொகை வராதபோது எவரிடம் முறையிடுவது என அறிவதும் இன்றைய மாணவருக்கு இன்றியமையாதனவாகும்.

எனினும் ஓர் எல்லையை மறத்தலாகாது. பிறர் துயர் உணர்தலையும், மனம் திறந்து பேசுதலையும் திரையால் கற்பிக்க இயலாது. ராஜஸ்தானில் வளரிளம் மாணவியருக்கு மூத்த பெண் வழிகாட்டிகள் குழுவாக அமர்த்தி வாழ்க்கைத் திறன் பயிற்சி அளித்த திட்டத்தில், படிப்பை இடையில் நிறுத்துவோர் தொகை குறைந்தது. அங்கே பயன் தந்தது மனிதத் துணையே. ஆகவே, மென்பொருள் சூழலையும் வினாவையும் முன்வைக்கலாம். அதன்மீதான உரையாடல் ஆசிரியரின் முன்னிலையில், குழந்தைகளுக்கு இடையே நிகழ வேண்டும்.

மொழியின் இடம்

ஒரு மொழியில் எழுதிய கணக்கு மென்பொருளைச் சொற்களை மட்டும் மாற்றி வேறு மொழிக்குக் கொண்டுசெல்வது போதாது. தமிழில் ‘முப்பத்தொன்பது’ என்னும் சொல்லிலேயே முப்பதும் ஒன்பதும் விளங்குகின்றன. வங்காளத்தில் அதே எண் ‘ஊனசல்லிஷ்’ ஆகும். நாற்பதுக்கு ஒன்று குறைவு என்பது அதன் பொருள். நூறு வரையுள்ள எண்பெயர்களுள் பலவற்றை வங்காளக் குழந்தை தனித்தனியே மனத்தில் இருத்த வேண்டியுள்ளது. இடமதிப்பைக் கற்பிக்கும் பாடம் இவ்வேறுபாட்டை அறிந்து அமைய வேண்டும். இதற்கு மென்பொருள் வல்லுநரோடு தாய்மொழியில் கற்பிக்கும் ஆசிரியரும் தொடக்கத்திலிருந்தே ஒருங்கிருந்து பணியாற்றுவது அவசியம். பிரசிடென்சி, ஆலியா, புனித சேவியர் ஆகிய பல்கலைக்கழகங்களின் வளாகங்களும் மென்பொருள் நிறுவனங்களும் அருகருகே அமைந்த நியூ டவுன் இத்தகைய கூட்டுப் பணிக்கு ஏற்ற இடமாகும்.

தமிழ்நாட்டின் அனுபவம்

கொரோனா நோய்த் தொற்றுக்குப் பின் தமிழ்நாடு மேற்கொண்ட முயற்சி இங்கே கருதத்தக்கது. 2021ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் தன்னார்வலர் மாலை நேரங்களில் குழந்தைகளின் வாழிடத்திலேயே பாடம் நடத்தினர். கிராமப்புறக் குழந்தைகளிடையே நடந்த ஆய்வின்படி, 2021ஆம் ஆண்டு டிசம்பரில் காணப்பட்ட கற்றல் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அடுத்த ஆறு மாதங்களில் ஈடுசெய்யப்பட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இத்திட்டத்தால் விளைந்தது என மதிப்பிடப்பட்டது. 2022ஆம் ஆண்டில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், ஒரே வகுப்பில் உள்ள குழந்தைகளை அவரவர் கற்றல் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கும் முறையைத் தொடக்க வகுப்புகளில் புகுத்தியது. மென்பொருள் செய்ய முனையும் பணியும் இதுவே. குழந்தையின் நிலையறிந்து கற்பித்தல் என்ற கொள்கையை ஏற்றுக்கொண்ட பள்ளியில்தான் கணிப்பொறி துணைநிற்கும். பாடத்திட்டத்தை முடிப்பதொன்றே குறிக்கோளாக உள்ள பள்ளியில் அது அறையின் மூலையில் ஓர் அலங்காரப் பொருளாகிவிடும்.

செய்ய வேண்டுவன

மேற்கூறியவற்றிலிருந்து நிர்வாகத்திற்குப் பயன்படும் முடிவுகள் சில பெறப்படுகின்றன. முதலாவதாக, மென்பொருள் ஆசிரியரின் பாடத்திற்குத் துணையாக அமைய வேண்டும். அதற்கு மாற்றாக அமைதல் கூடாது. வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று மணி நேரத்தைக் கால அட்டவணையில் ஒதுக்கி, அதனை ஆண்டுதோறும் தொடர வேண்டும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு குழந்தையும் செய்யும் தவறுகளின் தொகுப்பு வாரந்தோறும் ஆசிரியரின் கைக்கு எளிய வடிவில் வந்து சேர வேண்டும். எந்த ஐந்து மாணவருக்கு வகுத்தலை மீண்டும் கற்பிக்க வேண்டும் என்ற ஒரு வரிச் செய்தி, பல பக்க அறிக்கையைவிட ஆசிரியருக்குப் பயன்படும். குழந்தைகளைப் பற்றிய இவ்விவரங்கள் வணிக நோக்கத்திற்குச் செல்லாதவாறு காப்பதும் அரசின் கடமை.

மூன்றாவதாக, இணைய இணைப்பு இன்றியும் இயங்கும் மென்பொருளையே தேர்ந்தெடுக்க வேண்டும். கருவி வாங்கும் செலவோடு பழுதுபார்க்கும் செலவையும் ஆசிரியர் பயிற்சிச் செலவையும் நிதி ஒதுக்கீட்டிலேயே சேர்த்தல் வேண்டும். திட்டத்தின் வெற்றியை வழங்கிய கருவிகளின் எண்ணிக்கையால் அளப்பதைவிட, வகுத்தல் கற்ற குழந்தைகளின் எண்ணிக்கையால் அளப்பதே முறையாகும்.

நான்காவதாக, பாடத்தின் தொடக்கம் குழந்தை அறிந்த உலகிலிருந்து அமைய வேண்டும். காய்கறிக் கடையில் தொடங்கும் கணக்கு, படிப்படியாக எழுத்து முறைக்கும், அதிலிருந்து சூத்திரத்திற்கும் செல்ல வேண்டும். பிறகு சூத்திரத்திலிருந்து மீண்டும் புதியதொரு வாழ்க்கைச் சூழலுக்குத் திரும்ப வேண்டும். இப்படி இரு கரைக்கும் சென்று திரும்பும் பயிற்சியே சந்தைப் பிள்ளைக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் ஒருங்கே தேவைப்படுகிறது.

200 ரூபாய்த் தாளைப் பெற்றுக்கொண்டு 163 ரூபாயைப் பிழையின்றித் திருப்பித் தரும் குழந்தைக்கு அறிவுக் குறைவு இல்லை. அந்த அறிவை ஏட்டுக்குக் கொண்டுவரும் வழியைப் பள்ளி இன்னும் அதற்குக் காட்டவில்லை. அவ்வாறே, ஏட்டுக் கணக்கில் முழு மதிப்பெண் பெற்றும் கடைவீதியில் தடுமாறும் குழந்தைக்கும் பள்ளி கடன்பட்டுள்ளது. கணிப்பொறி இவ்விரு கடன்களையும் தானே தீர்த்துவிடாது. ஆனால், தேர்ந்த ஆசிரியரின் கையில், தாய்மொழியில், தொடர்ந்து பயன்படுத்தப்பெறின், ஒவ்வொரு குழந்தையும் நிற்கும் இடத்தை அறிந்து அங்கிருந்து அழைத்துச் செல்லும் துணையாக அது விளங்கும். நியூ டவுனின் கட்டடங்களில் பெருகியுள்ள தொழில்நுட்பத் திறன் அதன் அண்டையிலுள்ள சந்தைக் குழந்தையை எட்டும்போதுதான், அந்நகரின் வளர்ச்சி அங்கு வாழும் எளிய மக்களின் வளர்ச்சியும் ஆகும்.